பால்மர இலை நரம்பும் பாட்டியின் முகமும்

பால்மர (ரப்பர் மர) இலை ஒன்றை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுநரம்பிலிருந்து கிளை, கிளையிலிருந்து சிறுகிளை, அதற்குள் இன்னும் நுண்ணிய வலை. சிறுதுண்டும் முழுமையின் சாயலிலேயே இருக்கும் இத்தகைய வடிவங்களுக்கு 1975இல் பெனுவா மாண்டல்பிராட் ‘ஃபிராக்டல்’ என்று பெயர் வைத்தார். இலை சில படிகளோடு நின்றுவிடும். கணிதம் நிற்பதில்லை: ஓர் எண்ணை வர்க்கமாக்கி இன்னோர் எண்ணைக் கூட்டி, விடையை மீண்டும் மீண்டும் அதே கணக்கில் போட்டு, அது பெருகுகிறதா அடங்குகிறதா என்பதைப் புள்ளி புள்ளியாக வரைந்தால், எவ்வளவு பெரிதாக்கினாலும் புதுச் சுருள்கள் முளைக்கும்.

இந்தக் கோலத்தைப் பாட்டியின் முகப்படத்தில் இழைக்க, அடுக்குகள் உள்ள ஐபிஸ் பெயிண்ட் போன்ற செயலி போதும். கீழே படம், மேலே ஃபிராக்டல். மேலடுக்கைப் பலரும் ‘ஸ்கிரீன்’ என்ற கலப்பு முறைக்கு மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நம் முகங்களுக்கு அங்கேதான் கெடுதல்.

கறுப்பு 0, வெள்ளை 1 என்று வையுங்கள். ஸ்கிரீன் இரண்டு எண்களையும் 1இலிருந்து கழித்துப் பெருக்கி, அந்த விடையை மறுபடி 1இலிருந்து கழிக்கும். கோலத்தின் கறுப்பு எதையும் மாற்றாது. 0.4 அளவுள்ள கோடு 0.9 வெள்ளைச் சட்டையில் விழுந்தால் 0.94, கண்ணுக்கே தெரியாது. 0.1 கூந்தலில் விழுந்தால் 0.46, பளிச்சென்று தெரியும். 0.35 மாநிறக் கன்னத்தில் விழுந்தால் 0.61! சுண்ணாம்பு பூசியதுபோல் முகம் வெளுத்துப்போகும். அது பாட்டியின் நிறமே அல்ல.

ஆகவே கூந்தலுக்கும் பின்புலத்துக்கும் மட்டும் ஸ்கிரீன். முகத்தின்மேல் விழுவதை மென்மையான அழிப்பானால் நீக்குங்கள். தோலுக்கு ஃபிராக்டலின் இன்னொரு நகலை எடுத்து ‘சாஃப்ட் லைட்’ முறையில் வைக்க வேண்டும். அப்படியே வைத்தால் கோலத்தின் கறுப்பு முகத்தை 0.12 வரை இருட்டாக்கிவிடும். இந்த முறையில் நடுச்சாம்பல்தான் ஒன்றும் செய்யாத நிறம். எனவே முதலில் நகலின்மேல் 50 விழுக்காட்டு அடர்த்தியில் வெள்ளை அடுக்கு ஒன்றைப் போட்டு இரண்டையும் இணையுங்கள். கறுப்பு 0.5 ஆகும், 0.4 கோடு 0.7 ஆகும். இப்போது கன்னம் ஏறத்தாழ 0.45க்குத்தான் உயரும். அந்த நகலடுக்கின் அடர்த்தியை 40 விழுக்காடாகக் குறைத்தால் 0.39, நிறம் நிலைக்கும், கோலம் தோலின் ரேகைபோல் படியும். கண், உதடு இரண்டிலும் கோடே வேண்டாம்.

பாதி வேலை படம் எடுக்கும்போதே முடிந்துவிடும். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் என்றால், மழைக்கு முன் மேகம் மூடிய நாலு மணிக்கு, லயத்து (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) வீட்டு வாசற்படியில் பாட்டியை உட்காரவைத்து, உள்ளே விளக்கை அணைத்துவிடுங்கள். கதவுக்குப் பின்னாலுள்ள இருட்டு முழுவதும் கோலத்துக்கு இடம். செம்பனை நிழலில் எடுத்தால் ஓலை இடுக்கு வெயில் முகத்தில் திட்டுத்திட்டாக விழும். அதன்மேல் கோலமும் சேர்ந்தால் குழப்பம்தான்.

ஃபிராக்டலுக்கு எங்கும் அலைய வேண்டாம், அந்த இலையே போதும். படமெடுத்து, கறுப்புவெள்ளையாக்குங்கள். நரம்பு இருட்டாக விழுந்திருந்தால் நிறத்தைத் தலைகீழாக்குங்கள். பிறகு இலைப்பரப்பு ஏறக்குறைய கறுப்பாகும்வரை ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டுங்கள். நரம்பு இருட்டாக விழுந்திருந்தால் நிறத்தைத் தலைகீழாக்குங்கள்.

கணினிக் கோலமானால் அளவு முக்கியம். 4000 புள்ளி (பிக்சல்) அகலப் படத்தில் 1080 புள்ளிக் கோலத்தை இழுத்துப் பொருத்தினால் விளிம்பு மழுங்கும். புள்ளியைவிட நுண்ணிய சுருள்களோ வெறும் மணல்போலத் தெரியும். இரட்டிப்பு அளவில் உருவாக்கிச் சுருக்கினால் அந்த மணல் அடங்கும்.

முடிந்ததைப் பிஎன்ஜியாகச் சேமித்து, வாட்ஸாப்பில் படமாக அல்ல, ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கப்படும். முதலில் அழிவது நுண்ணிய நரம்புகள்தான்.