பேட்ச் என்பது ஒட்டு

யாரும் பார்த்து மாற்றக்கூடிய கட்டற்ற மென்பொருள் திட்டம் ஒன்றில் சேர்ந்தால் முதல் வாரமே காதில் விழும் சொல் ‘பேட்ச்’. “பேட்ச் அனுப்பியாச்சா?”, “அந்த பேட்ச் இன்னும் ரிவ்யூவில் நிற்குது” என்று பேசிக்கொள்வார்கள். மூல நிரலில் எந்தக் கோப்பில் எந்த வரி போக வேண்டும், அந்த இடத்தில் எது வர வேண்டும் என்பதை மட்டும் சொல்லும் சிறிய உரைக்கோப்புதான் பேட்ச். போகிற வரிக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும், வருகிற வரிக்கு முன்னால் கூட்டல் குறி இருக்கும். இடத்தை அடையாளம் காட்ட மேலும் கீழும் மாறாத சில வரிகளும் இருக்கும்.

ஆங்கிலத்தில் இது துணிக்குப் போடும் ஒட்டைக் குறித்த பழைய சொல். கணினிக்கு அது உவமையாக வரவில்லை, நேரடிப் பொருளிலேயே வந்தது. 1944இல் இயங்கத் தொடங்கிய ஹார்வர்ட் மார்க் 1 போன்ற இயந்திரங்கள் துளையிட்ட காகித நாடாவிலிருந்து கட்டளைகளைப் படித்தன. தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால் அதன் மேல் சிறு காகிதத் துண்டை ஒட்டி மூடுவார்கள். அப்படி ஒட்டுகள் போட்ட நாடாவின் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது.

நாடா போனது, சொல் நின்றது. 1974இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஐந்தாம் பதிப்போடு ‘டிஃப்’ என்ற கருவி வந்தது. இரண்டு கோப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பட்டியலிடுவது அதன் வேலை. அந்தப் பட்டியலைப் படித்து மாற்றங்களைத் தானாகவே கோப்பில் செய்யும் ‘பேட்ச்’ நிரலை 1985இல் லாரி வால் எழுதி வெளியிட்டார். இடையில் யாரோ வரிகளைக் கூட்டிக் குறைத்திருந்தாலும், சுற்றியுள்ள வரிகளை வைத்து அது சரியான இடத்தைத் தேடிப் பிடித்துவிடும். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் ஒரே நிரலில் சேர்ந்து வேலை செய்ய வழி திறந்தது இதனால்தான். 1995இல், வலைப்பக்கங்களை அனுப்பித்தரும் மென்பொருளான அப்பாச்சி வலை வழங்கி பிறந்ததும் இப்படித்தான். என்சிஎஸ்ஏ என்ற அமெரிக்கக் கணினி ஆய்வு மையத்தின் வழங்கியைப் பேணியவர் அந்த வேலையிலிருந்து விலகிய பிறகு, ஆளுக்கொரு பக்கம் அதற்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த வலைத்தள நிர்வாகிகளில் எட்டுப் பேர் முதலில் ஒன்றுகூடி, அவற்றைத் திரட்டி ஒரே நிரலாக்கினார்கள்.

சரி, திரட்டுவது யார்? எதைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவு செய்வது யார்? பேட்ச் என்ற சொல்லோடு எப்போதும் மூன்று பேர் கூடவே வருகிறார்கள்: எழுதியவர், ஆராய்பவர், சேர்ப்பவர். இந்த மூன்று இடங்களையும் தெளிவாகப் பிரித்து வைக்காத திட்டத்தில் ஒட்டுகள் குவிந்து கிடக்கும். அனுப்பியவர் பதிலுக்குக் காத்திருந்து காத்திருந்து போய்விடுவார். தன்னார்வலர் ஒருவர் அப்படிப் போவது பெரிய இழப்பு என்றே நான் நினைக்கிறேன், அவருடைய ஒட்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டம் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ‘கமிட்ஃபெஸ்ட்’ என்ற பெயரில் ஆண்டுக்குச் சில மாதங்களை ஒதுக்கி, அப்போது புதிதாக எழுதுவதைத் தள்ளிவைத்துவிட்டு, காத்திருக்கும் ஒட்டுகளை ஆராய்கிறார்கள். பட்டியலை நகர்த்திக்கொண்டே இருப்பதற்கென்று ஒரு தன்னார்வலர் பொறுப்பேற்கிறார். ஒவ்வொரு ஒட்டும் ஆய்வுக்குக் காத்திருக்கிறதா, எழுதியவரின் பதிலுக்குக் காத்திருக்கிறதா, சேர்க்கத் தயாரா என்பது எல்லோருக்கும் தெரியும். ஒட்டு அனுப்புகிறவர் ஏறக்குறைய அதே அளவு சிக்கலான இன்னொருவரின் ஒட்டை ஆராய்ந்து தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. ஆராய ஆள் இல்லை என்ற பொதுவான குறைக்கு இதைவிட நேர்மையான மருந்து எனக்குத் தெரியவில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலில் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோப்பு நிரலோடு சேர்ந்தே வருகிறது. பொறுப்பாளர் இல்லாத பகுதியின் நிலை அதில் ‘அநாதை’ என்றே எழுதப்படுகிறது. அப்புறம், 2004 முதல் ஒவ்வொரு ஒட்டின் அடியிலும், இதைத் தர எனக்கு உரிமை உண்டு என்று எழுதியவர் பெயரிட்டு உறுதி சொல்கிறார். ஆராய்ந்தவருக்கும் சோதித்தவருக்கும் தனித்தனி வரிகள் உண்டு. ஆராய்ந்தவரின் உழைப்பும் பெயரோடு பதிவாகிறது.

இனித் தமிழ்ச் சொல். ‘திருத்தம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் பேட்ச் பிழையை மட்டும் திருத்துவதில்லை, புதிய வசதியையும் கொண்டுவரும். ‘இணைப்பு’ ஏற்கெனவே சுட்டிக்கும் மின்னஞ்சல் கோப்புக்கும் இணையத் தொடர்புக்கும் சேர்ந்து உழைக்கிறது. நான் பரிந்துரைப்பது ‘ஒட்டு’. கிழிந்த துணியில் வைத்துத் தைப்பது ஒட்டு. வேரூன்றிய செடியோடு வேறிடத்துக் கிளையைச் சேர்த்து வளர்ப்பதும் ஒட்டு. ‘ஒட்டு மா’ தெரியாதவர் இல்லை. வெளியிலிருந்து வந்து நிரலின் பகுதியாகவே ஆகிவிடுவதை இந்த இரண்டாவது பொருள் அப்படியே சொல்கிறது. முன்னொட்டு, பின்னொட்டு என்று இலக்கணத்திலும் இது கலைச்சொல்லாக நிற்கிறது. ‘ஓட்டு’ என்று தவறிப் படிக்க இடம் உண்டு என்பதால் முதல் முறை வரும் இடத்தில் ‘நிரல் ஒட்டு’ என்று எழுதலாம்.

பேட்ச் ரிவ்யூவுக்கு ‘ஒட்டுச் சீராய்வு’ பொருந்தும். ‘மறுஆய்வு’ என்றால் முன்பே ஒரு முறை ஆய்ந்தது போலாகும். ‘மதிப்பீடு’ மதிப்பெண் போடுவது போல ஒலிக்கும். நீதிமன்றச் செய்திகளில் ‘சீராய்வு மனு’ பழகிய சொல். ஆராய்பவர் சீராய்வாளர். நிரலுக்குப் பொறுப்பேற்று அதைக் கவனித்துக்கொள்ளும் மெயின்டெய்னர் என்பதற்குப் ‘பராமரிப்பாளர்’ தவறில்லை. எனக்குப் ‘பேணுநர்’ இன்னும் பிடிக்கும். ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குக் கையில் பிடித்திருத்தல் என்று பொருள், பேணுதலும் அதற்கு அருகில்தான் இருக்கிறது.

பயனர்கள் கைப்பேசியில் நிறுவிக்கொள்ளும் செக்யூரிட்டி பேட்சுக்கு மட்டும் ‘பாதுகாப்புத் திருத்தம்’ என்றே எழுதலாம். அங்கே படிப்பவருக்கு வேண்டியது குறை சரியாகிவிட்டது என்ற செய்தி மட்டும்தான்.