திருட்டு தொடங்குவது குறிப்பெடுக்கும்போதே

ஆய்வேட்டை ஒப்படைக்கப்போகும் மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது, “உனக்கு பிளேஜியரிசம் எத்தனை பர்சென்ட் வந்தது?” என்றுதான். பிளேஜியரிசம் என்றால் எழுத்துத் திருட்டு; அடுத்தவர் எழுத்தையோ கருத்தையோ பெயர் சொல்லாமல் தன்னுடையதுபோல் தருவது. அந்தக் கேள்வியே தவறு. டர்னிடின், டிரில்பிட் போன்ற மென்பொருள்கள் எந்தெந்த வரிகள் வேறு எங்கே இருக்கின்றன, ஏட்டில் அவை எத்தனை சதவீதம் என்று மட்டுமே காட்டுகின்றன. அது திருட்டா, முறையான மேற்கோளா என்று ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். 8 சதவீதம் வந்த ஏட்டிலும் அப்பட்டமான திருட்டு இருக்கலாம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளின்படி, பிற எழுத்துகளோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை போனால், அதிகபட்சம் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டையும் தர முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. இந்த எண்களைப் பார்த்த மாணவர், எப்பாடுபட்டாவது 10-க்குள் கொண்டுவரச் சொற்களை மாற்றத் தொடங்குகிறார். எடுத்த இடத்தைக் குறிப்பிட அவருக்குத் தோன்றுவதில்லை.

ஆய்வேட்டை எழுதி விற்கும் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்குபவர்களை விட்டுவிடுவோம். அவர்களுக்குத் தெரிந்தே நடக்கிறது. தெரியாமல் மாட்டுபவர்கள்தான் கவலைக்குரியவர்கள். முதல் காரணம், பள்ளிப் பழக்கம். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் “புத்தகத்தில் உள்ளபடியே எழுது” என்று பழக்கி, அதற்கே முழு மதிப்பெண்ணும் கொடுத்தோம். கல்லூரியில் அதே பழக்கம் குற்றமாகிவிடுகிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லை.

அடுத்தது குறிப்பு. பத்துக் கட்டுரைகளைத் திறந்து, பிடித்த பத்திகளையெல்லாம் ஒரே வேர்டு ஃபைலில் ஒட்டிவைக்கிறார்கள். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் எது தன் வரி, எது அடுத்தவர் வரி என்று அவர்களுக்கே தெரியாது.

மூன்றாவது, வார்த்தை மாற்றம். மூலத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: “நிலத்தடி நீர் அளவுக்கு மீறி இறைக்கப்படுவதால் கடல்நீர் உட்புகுந்து விளைநிலங்கள் உவர்ப்படைகின்றன.” மாணவர் எழுதுகிறார்: “நிலத்தடித் தண்ணீர் அதிகமாக உறிஞ்சப்படுவதால் கடல்தண்ணீர் உள்ளே வந்து வயல்கள் உப்பாகின்றன.” மென்பொருளில் இது சிக்காமல் போகலாம். ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது, எடுத்த இடமும் இல்லை. மூலத்தை மூடிவைத்துவிட்டு, தன் ஆய்வுக்கு அதில் என்ன தேவை என்று யோசித்து எழுதினால் வேறு மாதிரி வரும்: “மழைக் குறைவே காரணம் என்று விவசாயிகள் சொன்னாலும், அதிகப்படியாக நீர் இறைப்பதே நிலம் உவர்ப்பாவதற்குக் காரணம் என்கிறார் இன்னார் (ஆண்டு, பக்கம்).” சொல் மாற்றும் கருவிகளை நம்புவது இன்னும் மோசம், கலைச்சொல்லையும் மாற்றிப் பொருளையே கெடுத்துவிடும்.

தமிழில் ஆய்வு செய்பவர்களுக்குத் தனியாக ஒரு பொறி உண்டு. ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்தால் அது தன் எழுத்து ஆகிவிடும் என்று பலர் மனதார நம்புகிறார்கள். ஆகாது. சொல் நம்முடையது, கருத்து அவருடையது. பெயர் போட்டே ஆக வேண்டும். ஒரு நூலில் இன்னொருவர் மேற்கோளைப் பார்த்துவிட்டு, மூலநூலையே படித்ததுபோல் அடிக்குறிப்பு போடுவதும் தவறு. தானே முன்பு வெளியிட்ட கட்டுரையைச் சொல்லாமல் ஓர் இயலாகச் சேர்ப்பதும் அப்படித்தான். சாட்ஜிபிடி தரும் நூற்பட்டியலில் உலகத்திலேயே இல்லாத கட்டுரைகளும் வரும். ஒவ்வொன்றையும் தேடி எடுத்துப் பார்க்காமல் சேர்க்கவே கூடாது.

குறிப்பெடுக்கும்போது மூன்று நிறம் போதும். அப்படியே எடுத்த வரி சிவப்பில், மேற்கோள் குறிக்குள். சுருக்கி எழுதியது நீலத்தில். சொந்த யோசனை கறுப்பில். சிவப்புக்கும் நீலத்துக்கும் பக்கத்திலேயே ஆசிரியர், ஆண்டு, பக்க எண்ணை அப்போதே எழுதிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பக்க எண் கிடைக்கவே கிடைக்காது. ஒவ்வோர் இயல் முடிந்ததும் மென்பொருளில் போட்டு, சதவீத எண்ணைவிட அது நிறமிட்டுக் காட்டும் வரிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆய்வை வழிநடத்தும் நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் இயல் வரும்வரை காத்திருக்காதீர்கள். முதல் மாதத்திலேயே மாணவரின் குறிப்பு ஃபைலை வாங்கி, ஐந்து பத்தியைச் சுட்டிக்காட்டி, “இது யார் எழுதியது?” என்று கேளுங்கள்.