பச்சை முட்டையும் நல்லெண்ணெயும்

தண்டையார்பேட்டையில் உள்ள என் கிளினிக்குக்குச் சில மாதங்களுக்கு முன் 12 வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய பாட்டி அழைத்து வந்தார். வயதுக்கு வந்து ஆறாம் நாள்; மூன்று நாள்களாகக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். விசாரித்தபோது, நம் வீடுகளின் வழக்கப்படி, தினமும் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்து வாயில் ஊற்றி, அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெயை அளந்து குடிக்கக் கொடுத்திருந்தது தெரியவந்தது. மலப் பரிசோதனையில், பச்சை முட்டை வழியாகப் பரவக்கூடிய சால்மோனெல்லா கிருமி இருந்தது.

"நாங்கள்லாம் இதைக் குடிச்சுத்தானே வளர்ந்தோம், டாக்டரம்மா?" என்றார் பாட்டி. பேத்தியின் இடுப்புக்கு வலு சேர வேண்டும் என்ற அந்த அக்கறையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் வெந்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை ஏற்கும் உடல், பச்சை முட்டையின் புரதத்தில் பாதியளவைத்தான் ஏற்கிறது. நாட்டுக்கோழி முட்டை என்பதாலும் அச்சம் நீங்கிவிடாது. கோழியின் சினைப்பையில் தொற்று இருந்தால், ஓடு உருவாகும் முன்பே கிருமி உள்ளே சென்றிருக்கக்கூடும், அதை நிறத்தாலோ மணத்தாலோ கண்டுபிடிக்க முடியாது. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பதும் முட்டை பழையதா என்பதைத்தான் சொல்லும்.

எனவே, உடம்பு தேறியதும், அந்த நல்லெண்ணெயிலேயே முட்டையைப் பொரித்து, மஞ்சள் கரு கெட்டிப்படும்வரை வேகவிட்டுக் கொடுக்கும்படி சொன்னேன். பாட்டிக்கு அது சம்மதமாக இருந்தது.

ஆஃபாயிலும் கலக்கியும் குழந்தைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், முதியவர்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்ததும் இந்தக் கிருமிகளை எண்ணித்தான். வீட்டு மிக்ஸியில் அடித்தாலும் ஆபத்து அதேதான்.

விலை குறைவு என்று விரிசல் விட்ட முட்டைகளை வாங்காதீர்கள். வாங்கி வந்தவுடன் கழுவி அடுக்குவதும் நல்லதன்று. ஓட்டின் மேலுள்ள இயற்கையான பூச்சு கரைந்து, ஈரத்தோடு கிருமி நுண்துளைகள் வழியே உள்ளே போகலாம். கதவு அடிக்கடி திறந்து மூடப்படுவதால், ஃபிரிட்ஜின் கதவுப் பகுதியைவிட உள்தட்டே முட்டைக்கு ஏற்றது. முட்டை உடைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே உப்பு டப்பாவைத் தொடுங்கள்.

அவித்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. 32 டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரம்தான். ஆகவே அதை மதியச் சாப்பாட்டு டப்பாவில் வைக்காமல், பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே சாப்பிட வைத்து அனுப்புங்கள்.