தன்பாலீர்ப்பா, ஓரினச்சேர்க்கையா?

“ஓரினச்சேர்க்கைக்கு அனுமதி அளித்த நாடுகள் எவை?” இந்தத் தலைப்பை இந்த ஒரு மாதத்தில் மட்டும் நாலு இடத்தில் பார்த்துவிட்டேன். ஐந்து சொல்லில் இரண்டு தப்பு. ‘அனுமதி’யை அப்புறம் கவனிக்கலாம். முதலில் அந்தச் ‘சேர்க்கை’.

மூலச்சொல்லின் கதை சின்னது. ஹோமோசெக்சுவல் என்பதை உருவாக்கியவர் கார்ல் மரியா கெர்ட்பெனி என்ற எழுத்தாளர். அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் தண்டனைச் சட்டத்தை எதிர்த்து 1869-இல் அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சிறுநூலில் அது அச்சேறியது. முன்பாதி கிரேக்கம், பொருள் ‘அதே’. பின்பாதி லத்தீன். இது பிறவியிலேயே அமைந்த நாட்டம், இதற்குத் தண்டனை கூடாது என்பதுதான் அவர் வாதம். ஆக, சொல் பிறக்கும்போதே உள்ளத்தைக் குறித்துத்தான் பிறந்தது.

நம்மிடம் வந்ததும் அது ‘சேர்க்கை’ ஆகிவிட்டது.

‘ஓரினம்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தமிழில் இனம் என்றால் மனித இனம், பறவையினம், இனக்கலவரம். அப்படிப் பார்த்தால் ஓர் ஆணும் பெண்ணும் கூடுவதும் ஓரினச்சேர்க்கைதானே? இரண்டு பேரும் மனித இனம்தான். ஆண், பெண் என்ற பகுப்புக்கு நம் இலக்கணத்தில் ‘பால்’ என்ற சொல் காலங்காலமாக இருக்கிறது. ஆண்பால், பெண்பால் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். அதை விட்டுவிட்டு ‘இனம்’ எதற்கு?

சரி, பாதியைத் திருத்துவோம் என்று சிலர் ‘தன்பாலினச்சேர்க்கை’ என்று எழுதுகிறார்கள். ஒற்றைக்கால் செருப்பை மட்டும் மாற்றிய கதை. இலங்கை வழக்கில் ‘தன்னினச்சேர்க்கை’ உண்டு. அங்கேயும் சேர்க்கை போகவில்லை. சேர்க்கை ஒரு செயல். ஒருவர் வாழ்நாள் முழுக்க யாரையும் தொடாமல் இருக்கலாம். அவர் நாட்டம் மாறிவிடாது. ஆணும் பெண்ணும் காதலித்தால் அவர்களை ‘ஈரினச்சேர்க்கையாளர்’ என்று யாராவது எழுதுவார்களா? அவர்களுக்குக் காதல், இவர்களுக்குச் சேர்க்கை. மொழிபெயர்ப்பாளர் படுக்கையறைக் கதவைத் தாண்டி வெளியே வரவே மாட்டேன் என்கிறார்.

இது வெறும் நாகரிகப் பிரச்சினை இல்லை, செய்தியே தப்பாகப் போகிறது. தன்பால் உறவுக்கு எதிரான உகாண்டாவின் 2023 சட்டத்தைப் பாருங்கள். நாடாளுமன்றம் முதலில் நிறைவேற்றிய மசோதாவை, இந்த நாட்டம் உள்ளவராக இருப்பதையும் செயலில் ஈடுபடுவதையும் பிரித்துக் காட்டச் சொல்லி அதிபர் முசேவேனி திருப்பி அனுப்பினார். திருத்திய சட்டத்திலும் செயலுக்கு ஆயுள் தண்டனை, சில வகைகளுக்கு மரண தண்டனை என்ற கொடுமை அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த நாட்டம் இருப்பது மட்டும் குற்றமில்லை. இதைப் பழைய சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள்: “ஓரினச்சேர்க்கையாளராக இருப்பது குற்றமல்ல, ஓரினச்சேர்க்கை குற்றம்.” வாசிப்பவர் தலையைச் சொறிவார்.

‘தன்பாலீர்ப்பு’ என்று சொன்னால் அந்தச் சிக்கல் இல்லை. ஈர்ப்பு உள்ளத்துக்கு, உறவு செயலுக்கு. சட்டம் தண்டிப்பது செயலை என்றால் ‘தன்பால் உறவு’ என்று தாராளமாக எழுதலாம். இன்னொன்று, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 377-ஆம் பிரிவு ஆணோ பெண்ணோ விலங்கோ யாருடன் என்றாலும் ‘இயற்கைக்கு மாறான’ புணர்ச்சி என்றுதான் பேசியது. ஈர்ப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அதையும் ‘ஓரினச்சேர்க்கைத் தடைச் சட்டம்’ என்றே எழுதித் தள்ளினோம்.

எதிர்த்தரப்பில் ஒரு நல்ல வாதம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. ‘மக்களைத் தன்பால் ஈர்த்தார்’ என்று எழுதுகிறோமே, அங்கே ‘பால்’ வேற்றுமைப் பொருளில் வருகிறது. அப்படியானால் தன்பாலீர்ப்பு என்பது தன்னை நோக்கி இழுப்பது ஆகாதா? ஆகும், தனியாக நின்றால். ஆனால் வாக்கியத்தில் வைத்தால் யாரும் குழம்புவதில்லை. ‘அறத்துப்பால்’ என்றதும் செம்பை எடுத்துக்கொண்டு யாரும் ஓடுவதில்லையே. இதற்குப் பயந்து ‘ஒருபாலீர்ப்பு’ என்பவர்களுக்கு வேறொரு தொல்லை: ஆண்களை மட்டும் விரும்பும் பெண்ணுக்கும் ஒரு பாலின் மேல்தானே ஈர்ப்பு?

இப்போது ‘அனுமதி’. குற்றப் பட்டியலிலிருந்து நீக்குவது ஒன்று, திருமண உரிமை தருவது வேறு, ஊர் ஏற்பது முற்றிலும் வேறு. ரஷ்யா 1993-இல் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமில்லை என்றது. 2013-இல் அதைப் பற்றிச் சிறுவர்கள் காதில் விழப் பேசுவதைத் தடை செய்தது. 2023-இல் இந்த உரிமை இயக்கத்தையே தீவிரவாதம் என்று அதன் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. ரஷ்யாவை ‘அனுமதித்த நாடுகள்’ பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா? சிங்கப்பூர் 2022-இல், ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்க வாக்களித்த கையோடு, ஆண்-பெண் திருமணம் என்ற வரையறையை நீதிமன்றத்தில் அசைக்க முடியாதபடி அரசியலமைப்பையும் திருத்தியது. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பு பாலியல் நாட்டத்தின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது, 2006-இல் திருமணமும் வந்துவிட்டது. ஆனால் 2019-இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 34 நாடுகளில் ‘சமூகம் இதை ஏற்க வேண்டுமா’ என்று கேட்டபோது அங்கே ஆம் என்றவர்கள் 54 விழுக்காடுதான். ஸ்வீடனில் 94, நைஜீரியாவில் 7.

இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். “தன்பாலீர்ப்பு கொண்டவர்களைச் சமூகம் ஏற்க வேண்டுமா?” என்று கேட்டால் ஒரு பதில் வரும். “ஓரினச்சேர்க்கையைச் சமூகம் ஏற்க வேண்டுமா?” என்றால் அதே ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு பதில் சொல்வார் என்பது என் கணிப்பு. அப்புறம் அந்த எண்ணை இன்னொரு நாட்டு எண்ணோடு ஒப்பிட்டு அட்டவணை போடுவோம்.

கடைசியாக, ‘ஓரினச்சேர்க்கை திருமணம்’. ஒற்றும் இல்லை, பொருளும் இல்லை. இங்கே ‘தன்பாலீர்ப்பாளர் திருமணம்’ என்பதும் எனக்கு ஒட்டவில்லை. 2001 ஏப்ரல் 1 முதல் நெதர்லாந்தில் நடப்பில் இருக்கும் சட்டம், வேறுபட்ட அல்லது ஒரே பாலைச் சேர்ந்த இருவர் மணக்கலாம் என்கிறது; யாருக்கு யார்மேல் ஈர்ப்பு என்று விசாரிப்பதில்லை. ஆகவே இதற்கு ‘ஒருபால் திருமணம்’ போதும். மேலே நான் தள்ளிவைத்த ‘ஒருபால்’ இந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது.