சோயா போஞ்சியாம்!

போன கிழமை தின்னவேலிச் சந்தைக்குப் பக்கத்துக் கடையொன்றில் ஒரு பைக்கற்றைக் கையில் எடுத்தேன். உள்ளே வெளிர்மஞ்சளில் உருண்டை விதைகள், வெளியே பெரிய எழுத்தில் 'சோயா போஞ்சி'. துண்டுப்பிரசுரத்தில் பார்த்தாயிற்று, பத்திரிகையின் விவசாயப் பக்கத்தில் பார்த்தாயிற்று, இப்போது பைக்கற்றிலும் வந்துவிட்டது. இந்தப் பெயர் பிழை என்று இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் 'சோயா'. இது பயிரின் பெயராகப் பிறந்த சொல் அல்ல, குழம்பின் பெயர். யப்பானியர் தங்கள் கறுப்புச் சாற்றை 'சோயு' என்பார்கள். நாகசாகியின் தெசிமாத் தீவில் வணிகம் செய்த ஒல்லாந்தர் அதை 'சோயா' ஆக்கினார்கள். சாற்றின் பெயர் பிறகு விதைக்கும் ஒட்டிக்கொண்டது. ஆகவே 'சோயா சோஸ்' என்பது 'நடுசென்டர்' மாதிரித்தான். பயிரின் தாய்நாடு சீனா. அங்கே காட்டுக்கொடி ஒன்றிலிருந்து பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பழக்கி எடுத்திருக்கிறார்கள். சீனர் அதற்கு இட்ட பெயருக்கு 'பெரிய அவரை' என்றுதான் பொருள். அங்கிருந்து கொரியா, யப்பான் என்று பரவி, 1765 இல் சாமுவேல் போவன் என்பவர் கையோடு அமெரிக்காவின் ஜோர்ஜியாவுக்குப் போனது. இன்று உலகில் மிக அதிகமாக விளைவிப்பது பிரேசில். எங்கள் நாட்டில் அனுராதபுரப் பக்கம் பயிரிடுகிறார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் திரிபோசா மாவில் சோளத்தோடு சேர்வதும் இதுதான்.

சரி, போஞ்சிக்கு வருவோம்.

போஞ்சி என்றால் யாழ்ப்பாணத்தில் என்ன? பிஞ்சாகப் பறித்து, நார் உரித்து, நறுக்கிப் பால்கறி வைக்கும் காய். சோயாக் காயை அப்படி வெட்டிச் சட்டியில் போட்டுப் பாருங்கள்! தோல் முழுக்க மயிர். யப்பானியர் பச்சையாக அவித்துத் தின்னும்போதுகூடத் தோலை எறிந்துவிட்டு விதையைத்தான் தின்கிறார்கள். மற்றபடி செடி காய்ந்து இலை கொட்டிய பிறகு அறுத்து, அடித்து, விதை எடுப்பதுதான் வழக்கம். உழுந்து, பயறு மாதிரி இதுவும் ஒரு தானியம். 'உழுந்துப் போஞ்சி' என்று யாராவது சொல்வோமா?

தவறு எங்கே நடந்தது என்றால், மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் 'பீன்' என்று கண்டதும் அகராதியில் முதலில் கிடைத்த காயைப் பிடுங்கி வைத்துவிட்டார். ஆங்கிலேயருக்குக் கோப்பிக் கொட்டையும் 'பீன்'தான். அப்படியானால் காலையில் கோப்பிப் போஞ்சியை வறுத்து இடித்துக் குடிப்போமா?

போஞ்சி தமிழ்ச் சொல் அல்ல என்பது என் வாதம் அல்ல. அதுவும் ஒல்லாந்தர் விட்டுப்போன 'போன்ச்யே'யிலிருந்து வந்ததுதான். கறிச்சட்டிக்குள் வந்துவிட்ட சொல்லை வெளியே தள்ள நான் யார்? அந்தக் காய்க்கு அந்தப் பெயர் இருக்கட்டும். போஞ்சியின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம், சோயாவின் பூர்வீகம் ஆசியா. போஞ்சிக் கட்சிக்கு ஆதரவாக ஒரேயொரு பெரிய மனிதர் உண்டு: தாவரங்களுக்கு விஞ்ஞானப் பெயரிடும் முறையைத் தந்த லின்னேயஸ். அவர் 1753 இல் சோயாவுக்குப் 'பசியோலஸ் மாக்ஸ்' என்று போஞ்சிப் பேரினத்திலேயே ஒரு பெயர் வைத்தார். 1917 இல் மெரில் என்ற தாவரவியலாளர் அதைக் 'கிளைசின் மாக்ஸ்' என்று மாற்றிவிட்டார். தாவரவியலாளர் திருத்திக்கொண்டார்கள், எங்கள் பைக்கற் அச்சடிப்பவர்கள் இன்னும் திருத்தவில்லை.

'சோயா அவரை' என்பதே சரி. அவரையும் பந்தலில் காய்க்கும் மரக்கறிதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சொல் குடும்பத்துக்கே பெயராகவும் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் 'அவரைக் குடும்பம்' என்றுதான் படித்தோம்; உழுந்து, பயறு, கடலை எல்லாம் அதற்குள் அடங்கும். போஞ்சிக்கு அந்த அகலம் இல்லை. தனித்தமிழ் அன்பர் ஒருவர் 'பெரும்பயறு' என்றார். நல்ல ஓசை. ஆனால் அதைக் கடையில் கேட்டால் எதை எடுத்துத் தருவார்களோ! 'சோயா' உலகம் முழுக்க ஓடும் சொல், அதைக் களைவதால் ஒரு பலனும் இல்லை.

அப்புறம் இன்னொரு கூத்து. எண்ணெய் எடுத்த சோயா மாவை இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் 'சோயா மீற்' எங்கள் வீட்டில் பல வருடமாக உண்டு, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அதிகமாகவே. அண்மையில் வந்த ஒரு பைக்கற்றில் அதைத் தமிழ்ப்படுத்தி 'சோயா இறைச்சி' என்று போட்டிருந்தார்கள். அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டியது என் பிழை. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "விரத நாளிலை இறைச்சியோ?" என்று எழும்பிப் போய்விட்டார்.