அரியணை போனது, குதிரைப்படை இருந்தது: ஆர்மீனியாவின் மர்ஸ்பான்கள்

கி.பி. 428-இல் ஆர்மீனியப் பிரபுக்கள் தங்கள் இளம் அரசன் அர்த்தாஷேஸ் மீது பாரசீகப் பேரரசர் ஐந்தாம் பஹ்ராமிடமே புகார் கொண்டுபோனார்கள். அரசன் இறக்கப்பட்டான், அவனோடு அரியணையும் ஒழிந்தது. அந்த இடத்துக்கு வந்தவர் பேரரசர் அனுப்பிய மர்ஸ்பான், அதாவது எல்லைப்புற ஆளுநர். பிறகு த்வின் நகரமே ஆட்சித் தலைநகராயிற்று.

மர்ஸ்பானின் பதவி பெரிது, கைவசம் இருந்த படையோ சிறிது. நிலமும் குதிரைவீரர்களும் 'நஹரார்' எனப்பட்ட குறுநிலப் பிரபுக்களிடம் பரம்பரைச் சொத்தாகவே இருந்தன. படைத்தலைமை மாமிகோனியன் குடும்பத்துக்கு உரியது. பேரரசுக்கு இதனால் நட்டமில்லை: வரி வந்தது, கிழக்கு எல்லைப் போர்களுக்கு ஆர்மீனியக் குதிரைப்படையும் வந்தது. பிரபுக்களைச் சீண்டாதவரை இந்த ஏற்பாடு ஓடியது.

சீண்டியவர் பஹ்ராமுக்குப் பின் வந்த பேரரசர் இரண்டாம் யஸ்தகர்த். அவர் அனுப்பிய தென்ஷாபூ என்ற அதிகாரி குடிக்கணக்கெடுத்து வரியைக் கூட்டினார். அதுவரை விலக்கு பெற்றிருந்த திருச்சபை மீதும் வரி விழுந்தது. நிதிப் பொறுப்பு ஆர்மீனியர் கையிலிருந்து பாரசீகர் கைக்குப் போனது. நீதி வழங்கும் இடத்தில் பாரசீகரின் மதமான ஜொராஸ்திரியத்தின் குரு அமர்ந்தார். 449-இல் கிறிஸ்தவத்தை விட்டு அந்த மதத்துக்கே மாறச் சொல்லி ஆணை வந்தது. அடுத்து நடந்தது கிளர்ச்சி.

அப்போதைய மர்ஸ்பான் வாசக், சியூனிக் பகுதியின் பிரபு, அவரும் ஆர்மீனியர்தான். அவருடைய பிள்ளைகளோ அரசவையில் பணயக்கைதிகள். 451-இல் அவராயர் போரில் அவர் பாரசீகர் பக்கம் நின்றார். எதிர்ப்பக்கத்தில் கிளர்ச்சியின் தலைவர் வர்தான் மாமிகோனியன் மாண்டார். வென்ற பக்கம் வாசக்கைக் கொண்டாடவில்லை. பேரரசர் தந்த பட்டாடையும் அணிகளும் பூண்டு அவைக்கு வந்தவரை, விசாரணை முடிந்ததும் அவற்றைக் களைந்து சிறையில் தள்ளினார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் யெகிஷே. சிறையிலேயே இறந்தார். இன்றும் அவர் பெயர் துரோகிப் பட்டியலில்தான். அந்தத் தீர்ப்பை எழுதிவைத்தவர்கள் திருச்சபையினர் என்பதையும், அவர்களில் ஒருவரான லாசர் பர்பெத்சியை ஆதரித்தது மாமிகோனியன் குடும்பம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பின்னர் ஆர்மீனியாவில் மறுபடியும் கிளர்ச்சி எழுந்தது. 484-இல் பேரரசர் பேரோஸ் கிழக்கு எல்லையில் ஹெப்தலைட்டுகள் என்ற நடு ஆசிய மக்களுடன் போரிட்டு மடிந்தார். படையிழந்த பேரரசுக்கு வடமேற்கில், ஆர்மீனியாவில், அமைதி அவசரமாகத் தேவைப்பட்டது. நுவார்சாக் என்ற ஊரில் உடன்பாடு ஏற்பட்டது: கிறிஸ்தவ வழிபாட்டுக்குத் தடையில்லை, பிரபுக்கள் தம் குறையைப் பேரரசரிடமே நேரடியாகச் சொல்லலாம். மறு ஆண்டே, இந்த இரண்டாம் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய வஹான் மாமிகோனியன், அவராயரில் மாண்ட வர்தானின் தம்பி மகன், மர்ஸ்பான் ஆக்கப்பட்டார்.