கன்னி இனப்பெருக்கமா, கருவுறாப் பிறப்பா?

கலிபோர்னியா காண்டோர் என்பது அமெரிக்காவின் பெரிய பிணந்தின்னிக் கழுகு. 1982இல் மொத்தமே 22 பறவைகள்தான் மிஞ்சியிருந்தன. மிச்சமிருந்தவற்றையும் பிடித்து, கூண்டில் வைத்து இனத்தைப் பெருக்கினார்கள். எந்தக் குஞ்சு எந்த ஜோடிக்குப் பிறந்தது என்று மரபணுச் சோதனை செய்து, ஜாதகம் எழுதுவதுபோலக் குறித்தும் வைத்தார்கள். அந்தப் பதிவுகளைச் சரிபார்த்தபோது இரண்டு ஆண் குஞ்சுகளின் மரபணு எந்த ஆண் பறவையோடும் பொருந்தவில்லை. தகப்பனே இல்லாமல் பிறந்தவை அவை என்று சான் டியேகோ வனவிலங்கு ஆய்வாளர்கள் 2021இல் அறிவித்தார்கள்.

இப்படிப் பிறப்பதற்கு அறிவியல் உலகம் வைத்த பெயர் பார்த்தினோஜெனிசிஸ். கிரேக்க மொழியில் ‘பார்த்தினோஸ்’ என்றால் கன்னிப்பெண், ‘ஜெனிசிஸ்’ என்றால் தோற்றம், பிறப்பு. ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான் கோயிலும் கன்னித் தெய்வமான அதீனாவின் பெயரால் வந்ததுதான். சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன், 1849இல். அவர் அதை வேறு பொருளில் பயன்படுத்தினார். விந்தணு சேராமலே முட்டை கருவாக வளர்வது என்ற இன்றைய பொருளை 1856இல் உறுதிப்படுத்தியவர் ஜெர்மானியரான சீபோல்ட்.

சொல்லுக்கு நூறாண்டு முன்பே செயலைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் உண்டு. 1740இல் ஜெனீவாவைச் சேர்ந்த இளைஞர் சார்லஸ் போனே, அப்போதுதான் பிறந்த ஓர் அசுவினியை ஒரு சிறு கிளையில் விட்டுக் கண்ணாடியால் மூடிவைத்தார். நாள்தோறும் விடாமல் கண்காணித்தார். எந்த ஆணும் நெருங்காமலே அது 95 குஞ்சுகளை ஈன்றது. அவரைக்காயில் அசுவினி சில நாளில் அப்பிக்கொள்வது ஏன் என்று தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இப்போது புரியும்.

சரி, தமிழில் என்ன? தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘கன்னி இனப்பெருக்கம்’ என்று இருக்கிறது. ‘கன்னிப் பிறப்பு’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் கிரேக்கச் சொல்லை அப்படியே பெயர்த்தவை. போனேயின் அசுவினிக்கு அது பொருந்தும், காண்டோருக்குப் பொருந்தாது. அந்த இரண்டு தாய்ப்பறவைகளும் ஆண் துணையோடுதான் இருந்தன, அதற்கு முன்பே ஜோடி சேர்ந்து குஞ்சும் பொரித்தவை. ஒரு தாய் இருபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகளைப் பெற்றவள். அவளை எப்படிக் கன்னி என்பது? இங்கே கருவுறாமல் இருந்தது அந்த ஒரு முட்டை மட்டும்தான்.

அதனால் ‘கருவுறாப் பிறப்பு’ என்பதே சரி என்பது என் கருத்து. விதையில்லாமல் காய்க்கும் பழத்தைப் பாடநூலே ‘கருவுறாக் கனி’ என்கிறது. தாவரத்துக்கு இவ்வளவு தெளிவாகச் சொல் அமைத்துவிட்டு விலங்குக்கு மட்டும் கன்னியைத் தேடிப்போக வேண்டியதில்லை.

முட்டை எப்படித் தானாகவே வளர்கிறது? முட்டை உருவாகும்போது குன்றல் பகுப்பு என்ற செல் பிரிவில், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள் பாதியாகின்றன. மீதிப் பாதி துருவ உறுப்பு என்ற சின்னஞ்சிறு செல்லுக்குள் போய், வழக்கமாக அழிந்துவிடும். சில சமயம் அது அழியாமல் முட்டையோடு மீண்டும் சேர்ந்து, விந்தணு செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிடுகிறது. கோமோடோ உடும்பு, சுறா போன்றவற்றில் நடப்பது இதுதான் என்று கருதுகிறார்கள்.

பறவையிலும் கோமோடோ உடும்பிலும் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் ஆணுக்கு இரண்டு இசட்; பெண்ணுக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. இப்படிச் சேரும்போது இரண்டு இசட் அமைந்தால் ஆண். இரண்டு டபிள்யூ அமைந்த கரு பிழைக்காது. ஆகவே பிறப்பவை எல்லாம் ஆண்கள். 2006இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சிசாலையில் ஃப்ளோரா என்ற கோமோடோ உடும்பு இட்ட முட்டைகளில் இதைக் கண்டார்கள். ஆணே இல்லாத தீவில் ஒரு பெண் உடும்பு கரையேறினாலும், தனக்குப் பிறக்கும் ஆணோடு சேர்ந்து இனம் தொடர வழியிருக்கிறது! சுறாவில் கணக்கு தலைகீழ். அங்கே பெண்ணுக்குத்தான் இரண்டு எக்ஸ், அதனால் பெண் குட்டியே பிறக்கும். நம் மீனவர்கள் கொம்பன் சுறா என்கிறார்களே, அந்தக் குடும்பத்துச் சுறா ஒன்று 2001இல் அமெரிக்காவின் ஒமாஹாவில் ஆணில்லாத் தொட்டியில் ஈன்றதும் பெண் குட்டிதான்.

பாலூட்டிகளில் இது இயற்கையாக நடப்பதில்லை. சில மரபணுக்கள் தாய்வழி வந்தால் ஓய்ந்திருக்கும், தந்தைவழி வந்தால்தான் வேலை செய்யும்; சில இதற்கு நேர்மாறு. அதனால் இருவழிப் பங்கும் தேவை. 2004இல் ஜப்பானில் டொமோஹிரோ கோனோ குழு இரண்டு முட்டைகளின் மரபணுத் தொகுதிகளைச் சேர்த்து காகுயா என்ற சுண்டெலியை உருவாக்கியது. 2022இல் சீன ஆய்வாளர்கள் கருவுறாத ஒரே முட்டையிலிருந்து சுண்டெலியை வளர்த்தார்கள். இரண்டுமே ஆய்வகத்தில் மரபணுவின் செயல்பாட்டை மாற்றிச் சாதித்தவை.

செய்திகளில் இந்தக் குஞ்சுகளை எல்லாம் ‘தாயின் நகல்’ என்று எழுதிவிடுகிறார்கள், அது தவறு. காண்டோர் குஞ்சுக்குத் தாயின் மரபணுக்களில் ஒரு பகுதிதான் கிடைக்கிறது, அதுவே இரட்டையாக. தாய் பெண், குஞ்சு ஆண் என்பதே போதும், நகல் இல்லை என்று சொல்ல. நகல் வேண்டுமானால் நம் பூந்தொட்டியைக் கிளறினால் போதும். மண்புழு மாதிரி நெளியும் புழுப்பாம்பு அங்கே இருக்கலாம். அந்த இனத்தில் அறியப்பட்டவை எல்லாமே பெண்கள். தொட்டி மண்ணோடு கப்பலேறி ஒற்றைப் பாம்பு போனாலே புதிய ஊரில் வம்சம் தொடங்கிவிடும். அப்படித்தான் அது பல கண்டங்களுக்குப் பரவியது.